எம்ஜிபிக்கு எந்த எஞ்சின் சேரும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினில், பிஸ்டனோடு சேர்ந்த தண்டான கனெக்டிங் ராடு பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. வேறு எஞ்சின்தான் வழி. ஆனால் நீ பார்த்து வைத்திருக்கும் அந்த 1973 எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் இதை முழுக்கப் படித்துவிடு.

"எம்ஜிபி எஞ்சின்தான், 1800 சிசி, அப்படியே உட்காரும்" என்று விற்பவர் சொன்னாராம். 1962 முதல் 1980 வரை வந்த நாலு சிலிண்டர் எம்ஜிபி எல்லாவற்றிலும் 1798 சிசிதான். ஆகவே சிசியைச் சொல்வதால் ஒன்றும் தெரிந்துவிடாது. எது சேரும் என்பதை உன் கியர்பாக்ஸ்தான் தீர்மானிக்கும்.

உன் 1966 வண்டியில் இருந்தது 18ஜிபி என்ற வகை எஞ்சின். அதற்கு முந்தைய 18ஜி, 18ஜிஏ இரண்டிலும் கிராங்குக்கு (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கியத் தண்டு) மூன்று மெயின் பேரிங்; 1964 கடைசியில் வந்த 18ஜிபியிலிருந்து ஐந்து. மூன்று பேரிங் எஞ்சினை இலவசமாகத் தந்தாலும் வாங்காதே. உன் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனை, அந்த எஞ்சினின் கிராங்க் முனையில் அதைத் தாங்கும் பைலட் புஷ்ஷுக்குள் நுழையாது. கிராங்கும் ஐந்து பேரிங் அளவுக்கு உறுதியானதல்ல.

1967 கடைசியில் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் அரைக்காமல் விழச் செய்யும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ், வேறு வகை ஸ்டார்ட்டர், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாசிட்டிவ் எர்த்துக்குப் பதில் நெகட்டிவ் எர்த் (பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடம்போடு சேர்கிறது என்பது) என்று எல்லாமே மாறின. நீ பார்த்திருக்கும் 1973 எஞ்சின் 18வி வகை; அது இந்த மாற்றத்துக்குப் பிந்தியது. அதன் பிளாக், கிராங்க், ஹெட் உனக்கு உதவும். பின்பக்கம் மாட்டியிருப்பவை உதவாது. பழைய எஞ்சினிலிருந்து பின் தகடு, ஃப்ளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர் நான்கையும் ஒரே செட்டாகக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்றினால்தான் தொல்லை. ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்கள் அந்தந்த ஸ்டார்ட்டருக்கென்றே வெட்டப்பட்டவை. மாற்றி மாட்டினால் கொஞ்ச நாளில் பற்களின் ஓரம் நசுங்கி, சாவி போடும்போதெல்லாம் கரகரவென்று அரைக்கும். பின் தகட்டைக் கழற்றும்போதே கிராங்கின் பின் ஆயில் சீலையும் புதிதாகப் போட்டுவிடு. பிறகு அது ஒழுகினால் எஞ்சினை மறுபடி வெளியே தூக்க வேண்டும். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்குப் புது லாக் தகடு, 40 அடி-பவுண்டு முறுக்கு. பைலட் புஷ்ஷை வாங்குமுன் ஷாஃப்டின் முனையையும் கிராங்கின் துளையையும் வெர்னியரில் அளந்துகொள்.

உன் டைனமோவையும் அதன் பிராக்கெட்டையும் அப்படியே வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நல்லது. எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டரை மாட்டினால் வண்டி முழுக்க நெகட்டிவ் எர்த் ஆக வேண்டும். டாக்கோமீட்டரையும் உள்ளே பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். கார்புரேட்டரும் உன்னுடைய இரட்டை எஸ்யூவே இருக்கட்டும். 1974 செப்டம்பருக்குப் பிந்திய, ரப்பர் பம்பர் வண்டியின் எஞ்சின் ஏதாவது கண்ணில் பட்டால், அதன் முன் தகடும் மவுண்டும் வேறு என்பதை நினைவில் வை.

நேரில் பார்க்கும்போது முதலில் பிளாக்கின் வலப்பக்கம் ஆணியடித்த எண் தகட்டைப் படி. அதில் எச் என்றிருந்தால் உயர் கம்ப்ரஷன், எல் என்றால் குறைந்தது; எல் வகை ஓடும், இழுவை குறையும். தகட்டை மட்டும் நம்பாதே, அதைப் பிடுங்கி வேறு பிளாக்கில் அடிக்க ஐந்து நிமிடம் போதும். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஐந்து மெயின் பேரிங் இருக்கிறதா என்று கண்ணால் எண்ணிவிடு. கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜில் அசைவைப் பார்: 0.10 முதல் 0.13 மி.மீ. வரை சரி. கண்ணுக்கே தெரிகிற அளவு ஆடினால் த்ரஸ்ட் வாஷர் போயிற்று, கிராங்கும் தேய்ந்திருக்கலாம். ஹெட்டைத் திறக்க விட்டால் பிஸ்டன் தலையில் 060 என்று பொறித்திருக்கிறதா பார். இருந்தால் ஏற்கெனவே வழக்கமான கடைசி அளவுக்கு போர் பண்ணியாயிற்று, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியாயிற்று. இன்னொரு தடவை போர் பண்ணப் பெரும்பாலும் இடமிருக்காது. நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைச் சுற்றி வெடிப்புத் தேடு; இந்த ஹெட்டுகள் அங்கேதான் வெடிக்கும். நீண்ட நாள் சும்மா கிடந்த எஞ்சினென்றால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றி ஊறவிடாமல் சுற்றச் சம்மதிக்காதே.

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குக் கவலை: ஆயில் கூலர். உடைந்த எஞ்சினின் இரும்புத் துகள் அத்தனையும் ஆயிலோடு போய் அதற்குள் அடைந்திருக்கும். எதை ஊற்றிக் கழுவினாலும் முழுதாக வெளியே வராது. பழைய கூலரை மாட்டினால் அந்தத் துகள் புது பேரிங்கில் போய் உட்காரும், மறுபடியும் இதே கதைதான். கூலரும் அதன் இரண்டு ஹோஸும் புதிதாகவே இருக்கட்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே, மா.

முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுமுன் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்று. பம்ப்பைத் திறந்திருந்தால் உள்ளே வாசலைன் அடைத்து மூடு, இல்லாவிட்டால் ஆயிலை இழுக்காது. சூடானபின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். புது கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் போட்டிருந்தால், துத்தநாகச் சத்துள்ள ஆயில் ஊற்றி, முதல் இருபது நிமிடம் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறக்காதே.

உடைந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதே, வண்டியோடு வந்த அசல் எஞ்சின் எண் அதில்தான் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் மாற்றத்தை எழுதவேண்டுமா என்றும் விசாரி.

எண் தகடு, பின் தகடு, சம்ப் திறந்த அடிப்பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா