வாரண்ட் இருக்கான்னு கேட்டா குத்தமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, நடந்தத எழுதணும் எழுதணும்னு நினைச்சு இப்ப தான் நேரம் கெடைச்சது. விடியக்காலை, அம்மா பிரட்டுக்கு (வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) கெளம்பிக்கிட்டு இருக்காங்க, அடுப்புல ரொட்டி கெடக்கு, சிவில் உடுப்புல நாலு பேர் கதவ தட்டி, தட்டின கையோட உள்ளுக்கு வந்துட்டாங்க. பொலிஸாம், குடு, அதாவது போதைத்தூள், தேடுறாங்களாம். எங்க காம்பரா ரூமே பத்துக்கு பன்னெண்டு அடி தான், அதுல தேட என்னங்க இருக்கு? டிரங்குப்பெட்டிய கவுத்து ஈபிஎப் பேப்பர், தங்கச்சி உடுப்பு எல்லாத்தையும் இஸ்தோப்புல (முன் திண்ணையில) கொட்டினாங்க, பொம்பள பொலிஸ் ஒருத்தர் கூட இல்ல. ஒண்ணும் கெடைக்கல. ஆனா தம்பியோட போன எடுத்துக்கிட்டாங்க, ரசீது துண்டு கூட தரல, சிங்களத்துல எழுதின ஒரு தாள்ல அம்மாகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கினாங்க. தமிழும் அரசகரும மொழின்னு 1987லயே எழுதியாச்சு, அந்த தாள்ல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு இன்னும் தெரியாது.

வாரண்ட் இருக்கான்னு நான் கேட்டேன். "லயம் தோட்டத்துது தானே, ஒன் வீடா?"ன்னு ஒருத்தர் சிரிச்சார்.

அமெரிக்காவுல 1791லயே நாலாவது திருத்தம்னு ஒண்ணு போட்டு, ஆள், வீடு, காகிதம், சாமான் எதையும் நியாயமில்லாம சோதிக்கவோ எடுக்கவோ கூடாது, வாரண்டுல எந்த இடம், எதை எடுக்கப் போறாங்கன்னு தெளிவா இருக்கணும்னு எழுதிட்டாங்க. 1967ல டெலிபோன் பூத்துல ஒருத்தர் பேசினத ஒட்டுக்கேட்ட கேஸ்ல, அந்த திருத்தம் காப்பாத்துறது மனுசர, இடத்த இல்லன்னு அங்க உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. பூத் என்ன அந்தாளோட சொந்தமா?

நம்ம இலங்கையோட 1978 அரசியலமைப்புல 13ஆவது உறுப்புரை கைது பண்றத பத்தி பேசுது, காரணம் சொல்லணும், நீதவான் முன்னாடி கொண்டு போகணும்னு. வீட்டுக்குள்ள பூந்து தேடுறத பத்தி அடிப்படை உரிமை அத்தியாயத்துல தனியா ஒரு வரி இல்ல. அந்தரங்கம்ங்கிற சொல்லு 2015ல வந்த தகவல் உரிமைக்குள்ள தலை காட்டுது, அதுவும் தகவல் குடுக்காம இருக்க ஒரு காரணமா! வேடிக்கை என்னன்னா எல்லாரும் திட்டுற 1979 பயங்கரவாதத் தடைச்சட்டத்துல கூட வாரண்ட் இல்லாம நுழையிறவர் எஸ்பி தரமாவது இருக்கணும், இல்லாட்டி எஸ்பி எழுத்துல அதிகாரம் குடுத்த சப் இன்ஸ்பெக்டராவது இருக்கணும்னு இருக்கு. எங்க வாசல்ல வந்தவங்க பேரே சொல்லல.

குடு விக்கிறவன பிடிக்க வேணாம்னு நான் சொல்ல வரல, எங்க தோட்டத்துலயே ரெண்டு பொடியனுங்க நாசமா போயிட்டானுங்க. ஆனா 2023 டிசம்பர்ல யுக்தியங்கிற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கைய தொடங்கினதுல இருந்து ஏழை வீட்டுக் கதவு தான் ரொம்ப லேசா தெறக்குது.

அடிப்படை உரிமை கேஸ் போடணும்னா ஒரு மாசத்துக்குள்ள கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கு போகணும், லோயருக்கு சல்லி வேணும், போற ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். மனித உரிமை ஆணைக்குழுவுக்கு 1996ங்கிற நம்பருக்கு கோல் எடுத்து முறைப்பாடு பண்ணலாம்னு கூட எங்க லயத்துல முக்காவாசி பேருக்கு தெரியாது, அதையாவது உங்க பேப்பர்ல கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. புது அரசியலமைப்பு கொண்டு வர்றோம்னு சொல்றவங்க வீட்டுக்கதவுக்கும் ஒரு வரி எழுதட்டும், அதுல சொந்த வீடு, லயம்னு பிரிக்காம.

தம்பி போன் இன்னும் வரல. சிம் மட்டும் புதுசா எடுத்துட்டான், அந்த போன்ல படம் பிடிச்சு வச்சிருந்த ஓஎல் பரீட்சை நோட்ஸ திரும்ப கையால எழுதிக்கிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகன்,
நுவரெலியா மாவட்டம்