டேப்பு சுற்றிய முடிச்சு

பெரம்பூர்

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குத் தென்னை மட்டை பச்சையாகவும், பண்ணாத கண்ணுக்குப் பழுப்பாகவும் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டினதிலிருந்து உன் தங்கச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனக்கும் புரை விழுந்துவிட்டதாம்.

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் நம்ம வண்டி, சைடு கார் பூட்டின அந்தப் பழைய புல்லட். அதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நடுவில் கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்துவிடாதே.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு மூன்று அம்மன் பார்க்க வேண்டும் என்று உன் தங்கச்சி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். முட்டி வலிக்காரி, பஸ் ஏறி இறங்க முடியாது. புல்லட்டின் பின்சீட்டில் காலைத் தூக்கிப் போடவும் ஆகாது. சைடு கார்தான் அவளுக்குப் பல்லக்கு. ஒரு பக்கமாக உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்து, மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டால் ஊரையே சுற்றிவிடுவாள். மகள் கால் டாக்ஸி போட்டுத் தருகிறேன் என்றதற்கு, 'அதுல காத்து வராது' என்றுவிட்டாள்.

மேலூர் வரை ஒரு குறையும் இல்லை. திருவொற்றியூரில் தரிசனம் முடித்து வந்து சாவியைத் திருப்பி ஹார்ன் அடித்தால் ஆடு கனைப்பதுபோல ஒரு சத்தம். உதைத்தேன். இன்னும் உதைத்தேன். உனக்குத் தெரியுமே, நம்ம வண்டியை உதைப்பதற்கு முன்னால் கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே, பேட்டரிக் கரன்ட் காட்டுகிற ஆம்மீட்டரைப் பார்ப்போம். மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கிற முள், தீப்பொறி கொடுக்கிற கான்டாக்ட் பாயின்ட் திறக்கிற நொடியில் நடுவுக்குத் துள்ளும். அங்கே நிறுத்தி, எஞ்சின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு ஒரே உதை. அந்த முள் அன்றைக்குச் சாயவே இல்லை. செத்த பல்லி வால் மாதிரி நடுவிலேயே கிடந்தது.

அந்த ஊரில்தான் இது நடக்க வேண்டுமா என்று யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. 1955-ல் இங்கிலாந்து ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் புல்லட் பூட்ட ஆரம்பித்தார்களே, அந்தத் திருவொற்றியூர் ஃபேக்டரியில் பிறந்ததுதானே இது. நம்ம ரயில் பெட்டி ஃபேக்டரி ஐ.சி.எஃப். திறந்ததும் அதே வருஷம்தான். பிறந்த வீட்டுக்குப் போன பெண் 'இனிமே அங்க வரமாட்டேன்'னு உட்கார்ந்துகொண்டது போல உட்கார்ந்துவிட்டது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று உன் தங்கச்சியை இறங்கச் சொன்னேன். 'இந்த வெயில்ல இறங்கி நான் எங்க நிக்கறது?' என்று கேட்டுவிட்டு இறங்கவில்லை. பூக்கடைப் பையன்கள் நாலு பேர் வந்து அவளை உட்கார வைத்தபடியே தள்ளினார்கள். குங்குமமும் மாலையுமாக அவள் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பையன்கள் 'ஏலேலோ' போட, தேர் இழுத்த மாதிரியே இருந்தது. இரண்டாவது தள்ளில் பிடித்துக்கொண்டது. எஞ்சினை அணைக்காமல் நேரே வீடு. கொடியிடையம்மன் பாக்கி. அதை வைத்து இன்னும் எனக்கு வசவு விழுகிறது.

பேட்டரிதான் போய்விட்டது என்று அப்போது சந்தேகமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருத்தண்ணீர் சீட்டு வரை வந்ததற்குப் பிறகு போட்டது அது. இரண்டே வருஷத்தில் போனது ஏன் என்று அன்றைக்கே நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் போகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்று நம்ம ரயில்வே ஷாப்பில் சொல்வார்களே, அந்தக் கணக்கு.

கழற்றினது பெரிய கூத்து. புல்லட்டில் பேட்டரிப் பெட்டி இடது பக்கம். சைடு காரும் இடது பக்கம். இரண்டுக்கும் நடுவில் என் கை போகும், தலை போகாது. ஒன்று தெரிந்தால் இன்னொன்று எட்டாது. கடைசியில் சைடு காருக்குள் குப்புறப் படுத்து, விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டுதான் வேலை பார்த்தேன். பேரன் டார்ச் பிடித்தான். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, போல்ட்டே தெரியவில்லை. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு பொங்கியதில் பேரனுக்கு ஒரே குஷி. (டப்பாவில் இருந்த சோடா மொத்தமும் காலி. அதற்குத் தனி வசவு.)

நெகட்டிவை முதலில் ஏன் கழற்றுகிறாய் தாத்தா என்று கேட்டான். நல்ல கேள்விதானே. ஃபிரேம் முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவில் ஸ்பேனர் மாட்டியிருக்கும்போது அதன் வால் சைடு கார் இரும்பில் பட்டால் போதும், ஸ்பேனர் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் எங்கே இடித்தாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது தலைகீழ், நெகட்டிவ் கடைசி. ஒரு சாண் இடைவெளியில் இரும்புக்கு நடுவே வேலை செய்யும்போதுதான் இந்தப் பாடத்தின் அருமை தெரிகிறது. அன்றைக்கு ஸ்பேனர் மூன்று தடவை 'டங்'கென்று இடித்தது.

பழசைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஈயத்துக்கு விலை இருக்கிறதல்லவா, பழைய பேட்டரியைக் கொடுத்தால் கழிவு உண்டு. 12 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றதும் பையன் சீல் வைத்த டைப்பை எடுத்து வைத்தான். தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, ஆறு மூடியும் இல்லை, ஆசிட் வழிந்து செயினைத் தின்கிற ரப்பர் குழாயும் இல்லை. என்னோடு கொண்டுபோன மல்டிமீட்டரை வைத்தேன், 12.7 வோல்ட் காட்டியது, முழு சார்ஜ். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்தால் வேறு தலைவலி. புதியது உயரம் கம்மி, பெட்டிக்குள் கிடந்து ஆடியது. அடியில் பழைய டியூபை மடித்து வைத்து இறுக்கினேன். பாசிட்டிவ் வேறு எதிர்ப்பக்கம் இருந்தது, ஒயர் எட்டவில்லை. அதற்கு ஒரு சாண் புது ஒயர், நுனியில் நல்ல லக் வளையம் அடித்து மாட்டினேன். முதல் உதையிலேயே 'டுப் டுப்' என்று பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி ஜம்பமாகத் தூங்கினேன்.

அப்புறம் ஒரு வாரம் விடாத மழை. வண்டி தார்பாய்க்குள் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கப் போகலாம் என்று சாவியைத் திருப்பி ஹார்ன் அடித்தால் மறுபடியும் அதே ஆடு, அதே கனைப்பு. மீட்டர் 10.9 காட்டியது.

எனக்குக் கோபம் கடைக்காரன் மேல்தான் வந்தது. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாரன்டி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசல் வரை போனவனுக்கு ஷாப்பில் நம்மை மேய்த்த சார்ஜ்மேன் ஞாபகம் வந்தது. ரயில் கோச்சில் லைட் மங்கினால் 'பேட்டரிய திட்டாத, அது வாய் பேசாது, சுத்தி பாரு' என்பாரே. அடிவயிற்றில் 110 வோல்ட் பேட்டரியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற கோச்சுகளோடு முப்பது வருஷம் மாரடித்தவன் நான். ஒரு 5 ஆம்பியர் பேட்டரிக்காகக் கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறேனே என்று வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.

அரை ஆம்பில் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினேன். காலி பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் எத்தனை ஏற்றினாலும் ஏறாது. காலையில் எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து டெர்மினலில் பார்த்தேன். 14.1. சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. அப்படியானால் நிற்கும்போதுதான் யாரோ குடிக்கிறார்கள். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினேன். 40 மில்லி ஆம்ப். சின்னத் தொகைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார், 5 ஆம்பியர் ஹவரில் 125 மணி நேரம். அஞ்சே நாள். ஆம்மீட்டர் முள்ளுக்கு இத்தனை சின்னத் திருட்டு எட்டாது. அதைவிட, போகிற வழியே அந்த முள்ளைத் தொடாத வழி. எப்படி என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

1991 ஞாபகம் இருக்கிறதா? சின்னவள் பிறந்த வருஷம். நாலு பேரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று புதுப்பேட்டையில் அலைந்து அந்த சைடு காரை வாங்கினோம். என் வீட்டு வாசலில் வைத்து நீயும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டினோம். 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றினதும் நீதான், அதற்கு முன்னால் ஹெட்லைட் எது அகல்விளக்கு எது என்று தெரியாது. சைடு கார் காலியாக இருக்கும்போது இடது பக்கம் வேகமாகத் திரும்பினால் அது அந்தரத்தில் தூக்கும் என்று தெரியாமல் வியாசர்பாடி ஜீவா பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுக்குள் நான் போனேனே. மறுநாள் அரை மூட்டை மணலைக் கொண்டுவந்து உள்ளே போட்டாய். அதெல்லாம் சரி. சைடு கார் மூக்கில் இருக்கிற லைட்டுக்கு ஒயர் எங்கிருந்து எடுத்தாய்?

'சாவி இல்லாமலே எரியும்டா, ராத்திரி நிறுத்தி வச்சா லாரிக்காரனுக்குத் தெரியும்' என்றாய். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேரே, ஃபியூஸ் இல்லாமல், சைடு காரில் இருக்கிற ஸ்விட்ச் வரை. அதாவது ஸ்விட்ச் வரைக்கும் அந்த ஒயரில் ராத்திரி பகலாகக் கரன்ட் நிற்கிறது, 34 வருஷமாக. பழைய பேட்டரியைக் கழற்றும்போது டெர்மினலில் கூடுதலாக ஒரு சிவப்பு ஒயர் இருந்தது. கேள்வி கேட்காமல் புதியதிலும் அதை மாட்டினவன் நான். சந்தேகம் வந்த பிறகு அதை மட்டும் கழற்றினேன், மீட்டர் சைபருக்கு வந்துவிட்டது.

விரலால் தடவிக்கொண்டே போனேன். முன்பக்க கிளாம்புக்குக் கீழே, சைடு கார் சட்டம் வண்டியைப் பிடிக்கிற இடத்தில், ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. கருப்பு இன்சுலேஷன் டேப்பு, ஏழெட்டுச் சுற்று. வெயிலில் பசை உருகி, அதில் தூசு ஒட்டி, புளி உருண்டை மாதிரி இருந்தது. பிரித்தால் உள்ளே இரண்டு ஒயரையும் வெறுமனே முறுக்கிவிட்டிருக்கிறாய். ஈயப் பற்று இல்லை. பச்சைக் களிம்பு. டேப்பு ஒரு பக்கம் கிழிந்து, செம்பு ஈரத் துருவோடு உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தால் துரு நனையும், நனைந்தால் கரன்ட் சட்டத்துக்குக் கசியும், காய்ந்தால் நின்றுவிடும். மிக்ஜாம் தண்ணீரில் இந்த முடிச்சு எத்தனை நாள் ஊறியிருக்கும்! போன பேட்டரியையும் இதுதான் தின்றிருக்க வேண்டும். பாவம், அதை வெயில்மேல் பழி போட்டு ஈயத்துக்கு விற்றுவிட்டேன்.

கோச்சில் இப்படி ஒரு ஜாயின்ட் போட்டிருந்தால் உன்னை நிற்க வைத்தே பிரிக்கச் சொல்லியிருப்பார்கள். ஷாப்பில் உன் வேலையை மற்றவர்களுக்குக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், அத்தனை சுத்தம். வீட்டு வேலை என்றதும் டேப்பு போதும் என்று கை சொல்லிவிட்டது போல. திட்டலாம் என்று நாலு வரி யோசித்தும் வைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். மணி ஒன்பதாகிவிட்டது, மட்டன் குழம்பு ஆறுகிறது, சீக்கிரம் சுற்றுடா என்று சொன்னவனும் நான்தான்.

இப்போது புது ஒயர் இழுத்து, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்துவிட்டேன். சாவி இல்லாமல் எரிகிற உன் ஏற்பாட்டை மாற்றவில்லை. லாரிக்காரன் விஷயத்தில் நீ சொன்னது இன்றைக்கும் சரிதான். பத்து நாள் சும்மா நிறுத்திப் பார்த்தேன், 12.7 அப்படியே நிற்கிறது.

வண்டியை விற்றுவிட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கு என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு சின்னப் பேட்டரிக்கே நான் பட்ட பாட்டைப் படித்த பிறகுமா சொல்கிறாய்? தவிர அதில் உன் தங்கச்சி எங்கே உட்காருவாள்?

அடுத்த பௌர்ணமிக்கு முல்லைவாயில் பாக்கியைத் தீர்க்கிறோம். டாக்டர் பிரயாணம் பண்ணலாம் என்று சொல்லிவிட்டால் நீயும் அண்ணியும் கிளம்பி வாருங்கள். அண்ணிக்கு சைடு காரில் இடம் உண்டு, உனக்குப் பின்சீட்டு.

அந்த முடிச்சை வெட்டி, தாளில் சுற்றி, இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஆபரேஷன் பண்ணின கண்ணால் பார்த்து, உன் கைவேலைதானா என்று எழுது.

இப்படிக்கு,
டார்ச் பிடித்தவன்