வாவிப் பக்கத்து அரைச்சுவர்

மட்டக்களப்பு

மச்சான்,

ஆறு மாசமா எழுதல்ல, கோவிக்காத. வீட்டில எல்லாரும் சுகம். மாமா இன்னும் அந்த சைக்கிள் பம்பைத்தான் கேக்கிறார்.

நம்மட பள்ளிக்கூடத்து நீள மண்டபத்தை அடைக்கப் போறாங்களாம். 1978 சூறாவளி கூரை ஓட்டைப் பிய்ச்சு எறிஞ்சும் நிண்ட அதே மண்டபம். அரைச்சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பி, யன்னல் வெச்சு, மின்விசிறி பூட்டுறதாம். பெற்றோர் கூட்டத்தில நான் ஒருத்தன்தான் வேணாமெண்டன். தூவானம் அடிக்குது, பக்கத்து வகுப்புச் சத்தம் கேக்குது எண்டாங்க. ரெண்டும் உண்மைதான், மார்கழி மழைக்கு நாமளும் வாங்கை நடுவுக்கு இழுத்த ஆக்கள்தானே.

ஆனா நம்மளோட படிச்ச மணலையை நினைச்சுப் பார். ஆறாம் வகுப்புக்கு வரக்குள்ள அப்பாட தொழிலைக் கேட்டா தலையைக் குனிஞ்சுக்குவான். அந்தச் சுவரோரம் இருந்து வாவியைப் பாத்தே, அப்பாட தோணி வந்திட்டா எண்டு சொல்லுவான். ஒருநாள் புவியியல் சேர் பாடத்தை நிப்பாட்டி, "முகத்துவாரம் வெட்டியாச்சா, தண்ணி எப்பிடி நிக்குது?" எண்டு அவனைக் கேட்டார். இவன் எழும்பி, சுவருக்கு மேலால கையை நீட்டி, மணல் மூடின வாவி வாயை வெட்டினாத் தண்ணி கடலுக்கு வடியிறதையும் மீன் ஏறுறதையும் சொன்னான். மறுகா அவன் தலை குனிஞ்சதை நான் காணல்ல. மூடின வகுப்பில சேருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

கல்லடி உப்போடையில சிவானந்தாவைப் பார். விபுலாநந்த அடிகள் 1929இல திறந்த பள்ளிக்கூடம். அவர்ட சமாதியும் அந்த வளவுக்குள்ளதான். பொடியனுகள் தினமும் அதைக் கடந்து போறானுகள். தாங்கள் ஆருட பிள்ளைகள் எண்டு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல.

என்ட மகள் படிக்கிறது சுனாமிக்குப் பிறகு கட்டின மாடிக் கட்டடத்தில. வாசல் கல்லில ஒரு வெளிநாட்டுப் பேர். எந்தப் பள்ளிக்கூடமெண்டு கேட்டா அந்த நாட்டுப் பேரைத்தான் சொல்றாள். உதவி செஞ்சவங்களைக் குறை சொல்லல்ல, மச்சான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன்ட பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமா ஒரு பேர் இல்லாமப் போச்சே எண்டு நெஞ்சு கனக்குது.

நீ படம் வரையிறவன். வகுப்புகளுக்கு நடுவில மட்டும் சுவர், வாவிப் பக்கம் இப்ப இருக்கிற மாதிரியே அரைச்சுவர், தூவானத்துக்குத் தாழ்வாரத்தை இன்னும் நாலடி நீட்டி ஒரு படம் கீறி அனுப்பு. அடுத்த கூட்டம் தவணை முடிய முந்தி. அதிபர் நல்ல மனுசன், படத்தைக் கண்டா யோசிப்பார். மண்டபத்தை அளந்திட்டன்: நீளம் 100 அடி, அகலம் 20, வாவிப் பக்கச் சுவர் 3 அடி.

அன்புடன்,
உன்ட மச்சான்