பெயர் தெரியாத சாமிகளுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோவைக்கு அருகே, ஏழு மலைகளைக் கடந்து போய்ச் சிவனைத் தரிசிக்கும் வெள்ளியங்கிரி மலையில் யாரும் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. பள்ளிக்கூடப் பையனும் சாமிதான், பேரன் எடுத்தவரும் சாமிதான். 'சாமி, வழி விடுங்கள்', 'சாமி, பார்த்து இறங்குங்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எனக்கு உதவியவர்களில் ஒருவருடைய பெயரும் என்னிடம் இல்லை, முகவரியும் இல்லை. தனித்தனியாகக் கடிதம் போட வழியில்லாததால் ஊரறிய இதை எழுதுகிறேன்.

முதலில் பிசியோதெரபி செய்த தங்கைக்கு. வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கால் ஜவ்வு கிழிந்த பிறகு, சமதரையில் நான் நடப்பதைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது; படிக்கட்டைக் கண்டால்தான் கால் முரண்டு பிடிக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டு மலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நீங்கள் தொடைத் தசையை அழுத்திப் பார்த்து, "இது தேறட்டும், பிறகு பேசுவோம்" என்றீர்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகிற கால் முன்னே, கோல் எப்போதும் நோகிற காலுக்கு எதிர்க்கையில் என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தீர்கள். இறங்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழும், ஏறி முடித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னீர்கள். அன்று தலையாட்டி வைத்தேன். ஒவ்வொரு சொல்லும் மலையில் வேலைக்கு வந்தது.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கோல் விற்ற அம்மா, நான் குவியலின் மேலே கிடந்ததை எடுத்தபோது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடியிலிருந்து கணு நெருக்கமான ஒன்றை உருவினீர்கள். என் தோளுக்கு நேராக நிறுத்தி அளந்து பார்த்தீர்கள். "ஏறுவதற்கு எந்தக் கோலும் போதும் கண்ணு. இது இறங்குவதற்கு" என்றீர்கள். பிசியோதெரபிஸ்ட் மாதக்கணக்கில் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்!

பிஸ்கட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, என் முழங்கால் உறையைக் கவனித்த வனத்துறை ஊழியருக்கும் நன்றி. இதய நோய், இரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்றுதானே சொல்கிறீர்கள், முழங்காலைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "வலி கண்டால் வெள்ளை விநாயகரோடு திரும்பிவிடுங்கள். அதுவும் மலைதான்" என்றீர்கள்.

முதல் மலையின் முடிவில் இருக்கும் வெள்ளை விநாயகர் கோயிலைத் தாண்டினேன். வெயிலுக்குப் பயந்து எல்லோரையும் போல இரவில்தான் ஏறியது. பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் கடந்து போயின. ஆறாவது மலை விசித்திரமானது. மலை என்று பெயர். ஆனால் ஆண்டி சுனைக்கு இறங்க வேண்டும். கால் முதலில் கணக்குக் கேட்டது அங்கேதான். அடுத்தது ஏழாவது மலை, படியே கிடையாது, மண் சரியும் செங்குத்து.

அங்கே என் பின்னால் வந்த காவி வேட்டிக் குழுவினரே, நான் நிற்கும்போதெல்லாம் நீங்களும் நின்றீர்கள். தோள்பையைத் திறந்து எதையோ தேடினீர்கள். ஒருமுறையும் எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. எனக்காக நிற்கிறீர்கள் என்று காட்டிக்கொள்ளாமல் நிற்பதற்கு அப்படி ஒரு வழி! இரக்கப்பட்டு நின்றிருந்தால் கூச்சத்திலேயே வேகமாக ஏறி விழுந்திருப்பேன்.

சுயம்பு லிங்கத்தின் முன் நின்ற நேரம் கொஞ்சம். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

இறங்கும்போதுதான் முழங்கால் வீங்கியது. மூன்றாவது மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். கடைகளுக்குச் சுமை ஏற்றிவிட்டு வெறும் தோளோடு இறங்கிய அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்ததும் நின்றார். அண்ணா, நீங்கள் முதலில் செய்தது, நான் நம்பிப் போட்டிருந்த முழங்கால் உறையைக் கழற்றியதுதான். வீக்கத்தை அது இறுக்கிக்கொண்டிருந்தது. கழற்றிய இடத்தில் பள்ளமாக ஒரு வளையம். உங்கள் தலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, பின்பக்கம் குறுக்காக என்று கட்டினீர்கள். முட்டிச்சில்லை மட்டும் திறந்து விட்டு, விரல் ஒன்றை உள்ளே நுழைத்து இறுக்கம் சரிதானா என்று பார்த்தீர்கள். "டோலி சொல்லவா சாமி?" என்று ஒருமுறை கேட்டீர்கள். நடக்கிறேன் என்றேன். "சரி, நேராக இறங்காதீர்கள், பக்கவாட்டில் இறங்குங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டீர்கள்.

அப்படிப் போனவர் சும்மா போகவில்லை என்பது அடுத்த கடையில்தான் தெரிந்தது. எனக்காக ஒரு முக்காலி வெளியே போட்டிருந்தது. "துண்டு கட்டிய சாமி நீங்கள்தானே, உட்காருங்கள்" என்று சுக்குக் காப்பி போட்ட அக்கா சொன்னார். அதற்குக் கீழே இருந்த கடையிலும் முக்காலி. அதற்கும் கீழே, காலை நீட்டி வைக்க இன்னொரு கட்டையும். கடைக்குக் கடை சொல்லிக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள். அக்கா காப்பிக்குக் காசு வாங்க மறுத்தது வேறு கதை. ஊருக்குத் திரும்பிய பிறகு என் மனவுறுதியைப் பாராட்டியவர்கள் நிறைய. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முக்காலிகளைப் போட்டது என் மனவுறுதி அல்ல.

முதல் மலையின் படிகளில், எனக்கு இரண்டு படி முன்னால் இறங்கி, தோளை என் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டே வந்த கல்லூரித் தம்பிக்கு: வலியை மறக்கடிக்க அரியர் தாள்களின் கதையை அடிவாரம் வரை சொன்னாய். மெக்கானிக்ஸ் தேறிவிட்டதா? காந்திபுரம் பஸ்ஸில் கால் நீட்ட வசதியான இருக்கையில் உட்கார வைத்த கண்டக்டருக்கும், கதவைத் திறந்ததும் திட்டத் தொடங்கி, திட்டிக்கொண்டே ஐஸ் ஒத்தடம் கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

வீக்கம் வடிந்துவிட்டது. புதிதாகக் கிழிசல் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த ஆண்டு மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

சுமை அண்ணா, உங்கள் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. பச்சைக் கட்டம் போட்டது, ஒரு மூலையில் நெருப்புப் பட்ட ஓட்டை. துவைத்து வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் மலைப்பாதை திறந்ததும் அடிவாரம் வரை வந்து, கோல் விற்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கூடவே புதுத் துண்டு ஒன்றும் இருக்கும். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தச் சுமை அண்ணனை அறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தகவல் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
துண்டு கட்டிய சாமி