ஒன்பது மணிக் குப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவபீடப் பிள்ளைகள் ஸூமில் நடத்தும் குப்பி வகுப்புகள், அதாவது மேல் வருடத்துப் பிள்ளைகள் கீழ் வருடத்தவருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள், அவர்களைச் சோம்பேறிகளாக்குகின்றன என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஒரு குப்பியையாவது முழுதாக இருந்து கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். நான் வருடக்கணக்காகக் கேட்கிறேன். ஆசைப்பட்டு அல்ல; வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லியது.

சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருப்பவள் மன்னார்ப் பிள்ளை. கொழும்பு மருத்துவபீடத்தில் நான்காம் வருடம். அவள் வந்த புதிதில்தான் 2022 மின்வெட்டு. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. மெழுகுதிரிக்குப் பக்கத்தில், பவர்பாங்கில் செருகிய போனில், ஒரு சீனியர் அண்ணா சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக் குறிப்பெடுப்பாள். குப்பி என்ற பெயரே குப்பிவிளக்கிலிருந்து வந்தது என்கிறார்கள். வடமராட்சியில் நான் படித்ததும் அந்த விளக்கில்தான். (2022இல் அதை ஏற்ற மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.) அந்த அண்ணா இப்போது ஏதோவோர் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சியில் இருக்கிறார். இரவு ஒன்பது மணிக்கு இவள் படிப்பிக்கிறாள்.

நான் முப்பத்தொரு வருடம் உயர்தர விலங்கியலும் பிறகு உயிரியலும் படிப்பித்தவள். என்பு, நாடி, நாளம், சதையி, இழையம், சிறுநீரகத்தி என்று என் வாயால் கேட்டுப் படித்த பிள்ளைகள் கின்சி வீதியில், கொழும்பு மருத்துவபீடத்தில், போய் அமர்ந்த முதல் நாளே அத்தனை பெயரையும் தொலைத்துவிடுகிறார்கள். அங்கே படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். பொருள் தெரியும், பெயர் தெரியாது. சிங்களத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதே தவிப்புத்தான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், அது தொடரவில்லை. இனி எல்லாவற்றையும் தமிழில் நடத்துங்கள் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் முதல் வருடத்தில் யாராவது கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டாமா? “நெஃப்ரோன் எண்டா எங்கட சிறுநீரகத்திதான், பயப்பிடாதைங்கோ” என்று அவள் சொன்னதும் மறுமுனையில் யாரோ ஒரு பிள்ளை “ஓ, அதுவா!” என்றது. விரிவுரையாளரால் அப்படிச் சொல்ல முடியாது. அவர் அந்த இடத்தில் இடறி முப்பது வருடமாகிவிட்டது. இவள் இடறியது நேற்று.

றாகமை, கராப்பிட்டி மருத்துவபீடங்களிலிருந்தும்கூடப் பிள்ளைகள் சேருகிறார்கள். பீடத்துக்குப் பீடம் பாடம் வரும் ஒழுங்கு வேறு என்பதால், “உங்கட பரீட்சைக்கு உங்கட லெக்சர் நோட்ஸைத்தான் பாருங்கோ” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவாள். கமராவை மூடி வைத்துக்கொண்டு வகுப்பில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை எல்லாம் கேட்கிறார்கள்.

சரி, எல்லாம் ஸூமில் வராது. ஒரு நோயாளியின் ஈரலைத் தொட்டுப் பார்க்க வார்டுக்குத்தான் போக வேண்டும். முழங்கால் அனிச்சைச் செயலைக் காட்ட ஆள் இல்லாமல் ஒருநாள் என்னைக் கதிரையில் இருத்தி, சின்னச் சுத்தியலால் தட்டினாள். என் கால் துள்ளியதை எத்தனை பேர் பார்த்தார்களோ! “லம்பார் மூண்டும் நாலும் வேலை செய்யுது அன்ரி” என்று, இடுப்புப் பகுதி முள்ளந்தண்டு நரம்புகளுக்குச் சான்றிதழும் கிடைத்தது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. போன மாதம் கை நரம்புகளைப் பற்றிய குப்பி. புய என்பு (மேல் கை எலும்பு) நடுவில் முறிந்தால் அரந்தி நரம்பு (அல்னர்) பாதிக்கப்படும் என்று வாசித்துக்கொண்டு போனாள். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என் கணவருக்கு அந்த என்பு அதே இடத்தில் முறிந்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கியபோது, ஆரை நரம்பு (ரேடியல்) என்று சத்திரசிகிச்சை நிபுணர் கடதாசியில் கீறிக் காட்டியது மறக்கவில்லை. கதவைத் தட்டிச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டியவளின் முகம் கறுத்துவிட்டது. அந்த ஸ்லைட்டை அவள் செய்யவில்லை. பழைய பட்ச் ஒன்றிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. அடுத்த இரவே திருத்திச் சொன்னாள். ஆனால் பழைய பதிவு வாட்ஸ்அப்பில் எங்கெங்கே சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியும்?

இதைக் காரணம் காட்டிக் குப்பியை நிறுத்தச் சொல்வது அநியாயம். ஒரு சதமும் வாங்காமல், தன் பரீட்சைக்கு நடுவில் செய்கிறாள். காசுக்கு ஸூம் வகுப்பு நடத்துகிறவர்களை இவளோடு சேர்த்து எண்ண வேண்டாம் என்று அந்த வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பீடங்களில் யாராவது ஒரு விரிவுரையாளர் இந்த ஸ்லைட்டுகளை முன்கூட்டிப் பார்த்துக் கொடுத்தால் நல்லது. அவர்களுக்கு நேரமில்லை என்றால், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஓய்வுபெற்ற தமிழ் வைத்தியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலையில் கடற்கரையோரம் நடக்கும்போது காண்கிறேன். இந்தப் பத்திரிகையும் அவர்கள் கையில் இருக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். குப்பி தொடங்குவது ஒன்பதுக்கு என்றாலும், ஸ்லைட்டுகள் ஆறு மணிக்கே தயாராகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.