மழை நாளில் வரும் போன்

குலசேகரம்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. இவர் காதில் விழுந்தால் ராத்திரி சாப்பாடு தள்ளிப்போகும்.

இங்கிலாந்தில் போனில் மருத்துவ ஆலோசனை சொல்கிற 111-இல் நீ நர்ஸாக நைட் ஷிப்ட் பார்க்கிற கதையை இரண்டு தடவை படித்தேன். 1998-இல் இதற்கு முன்னோடியான என்.எச்.எஸ். டைரக்ட் தொடங்கினபோது ஆலோசனை சொன்னது நர்ஸ்கள். இப்போது பயிற்சி பெற்ற ஆட்கள் முதலில் எடுத்து, கம்ப்யூட்டர் காட்டுகிற கேள்விகளைக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால்தான் உன்னிடம் தருகிறார்கள் என்று குறைபட்டிருந்தாய். நமக்கும் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற போன் நம்பர் இருக்கிறது. ஆனால் பிள்ளே, நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு நர்ஸ் குவைத்திலும் சவுதியிலும் இருக்கும்போது 104-ஐ யார் கூப்பிடுகிறார்கள்? அம்மாவின் கால் வீக்கம் வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போகிறது, பதில் வருகிறது. மிச்சப் பேருக்கு, இங்கே நர்ஸாக இருக்கிற என் நம்பர் இருக்கிறது.

அவசரமில்லாத அழைப்பு என்றால், போனை வைப்பதற்கு முன் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போனீர்களா என்று கேட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன் போடுகிற எல்லாருக்கும் எங்கேயோ நோவு. பிரஷரும் சுகரும் பல வருஷம் நோவே காட்டாது. நோகாததற்கு யாரும் போன் போடமாட்டார்கள். வேறு எதற்காவது கூப்பிடும்போது பிடித்தால்தான் உண்டு.

போன மாதம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா பேரனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாள். ஒன்றுக்குப் போனானா, கஞ்சி குடிக்கிறானா, கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா என்று கேட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. சரி, உங்களுக்குப் பிரஷர் எப்போ பார்த்தது என்றேன். "எனக்கென்ன சிஸ்டர், கல்லுபோல இருக்கேன்" என்றாள். வெளுக்கும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், வெட்டி, பால் எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடித்து வர மதியமாகிவிடும். அதற்குள் ஓ.பி. முடிந்திருக்கும். அவள் எப்போதுதான் வருவாள்?

மழை பெய்தால் வெட்டு இல்லை. (மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டின பெரிய தோட்டங்கள் வேறு கதை.) அடுத்த மழைக்குக் காலையிலேயே நான் கூப்பிட்டேன், குடையோடு வந்துவிட்டாள். பிரஷர் 170-க்கு 100! அப்படியே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கும் சம்மதிக்க வைத்தோம். அசெட்டிக் ஆசிட்டைப் பஞ்சில் நனைத்து வைத்து, ஒரு நிமிஷம் கழித்து வெள்ளை படர்கிறதா என்று பார்ப்போம் என்று சொன்னதும், "ஷீட்டுக்கு ஊத்துற ஆசிட்டா சிஸ்டர்?" என்று எழுந்தே விட்டாள். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது, பால் உறைய அதையும் ஊற்றுகிறவர்கள் உண்டு. இது வினிகர் அளவுக்குத் தண்ணீர் சேர்த்தது என்று விளக்கிப் படுக்க வைத்தோம். அதில் குறை ஒன்றும் இல்லை. பிரஷர் மாத்திரை மட்டும் தொடங்கியாயிற்று.

அதிலிருந்து மழை நாள் காலையில் பால்வெட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறேன். குளச்சல், முட்டம் பக்கம் வேலை பார்க்கிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்: ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் கரையில்தானே இருப்பார்கள், அப்போது கூப்பிடுங்கள் என்று. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்ல காரியம்தான். ஆனால் வீடு தேடிப் போகும்போது ஆள் தோட்டத்திலும் கடலிலும் இருந்தால் பிரஷர் யாருக்குப் பார்ப்பது?

போனிலே பிரஷர் பார்க்க முடியாது என்று எங்களில் ஒருத்தி சிரிக்கிறாள். பார்க்க முடியாதுதான், வரவழைக்கலாமே.

நீ கடைசியில் கேட்கிற கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்பு. கேட்கிறவர் முகம் சுளிக்காமல் எப்படிக் கேட்கிறாய் என்பதையும் எழுது. ஆண்களிடம் எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அப்புறம், அங்கே 50 வயதிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற மேமோகிராமுக்குக் கடிதம் வரும் என்று நீதானே சொன்னாய்? உனக்கு வந்ததை எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாய்? தேதி வாங்கிவிட்டுப் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி