கிராமத்துச் சாலைக்குத் தேவை பக்கச்சுவர் உயர்ந்த டயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவரும் கார் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எஞ்சினின் திறன், எரிபொருள் சிக்கனம், தொடுதிரையின் அளவு என எல்லாவற்றையும் விரிவாக ஆராயும் அக்கட்டுரைகள், சக்கரம் என்று வரும்போது மட்டும் ‘17 அங்குல அலாய் வீல்’, ‘18 அங்குல அலாய் வீல்’ என்று ஒரே வரியில், அதுவும் பாராட்டாகவே, சொல்லி முடித்துவிடுகின்றன. ஜல்லி பெயர்ந்த சாலையிலும், மழையில் அரித்துப்போன மண் தடத்திலும் அன்றாடம் கார் ஓட்ட வேண்டியவர்களை அந்த ஒரு வரி பெரும்பாலும் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரிம், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரம், பெரிதாக இருந்தால் கார் பள்ளம் மேடுகளை எளிதில் கடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பள்ளத்தைக் கடக்க உதவுவது டயரோடு சேர்ந்த முழுச் சக்கரத்தின் வெளிவிட்டமே. ஒரே காரின் வெவ்வேறு வகைகளில் அந்த வெளிவிட்டம் ஏறத்தாழ மாறாமல்தான் இருக்கும். டயரின் மீது 185/65 ஆர் 15 என்று பொறித்திருந்தால், அதன் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் இடையிலுள்ள ரப்பர்ப் பகுதியின், உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 120 மி.மீ., ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால் வெளிவிட்டம் சுமார் 621 மி.மீ. வரும். இதற்கு மாற்றாகப் பொருத்தப்படும் 195/55 ஆர் 16 டயருக்கும் அதே 621 மி.மீ.தான், ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. 205/45 ஆர் 17க்குப் போனால் வெளிவிட்டம் 616 மி.மீ., பக்கச்சுவரோ வெறும் 92 மி.மீ. ஆக, ரிம்மில் கூடும் ஒவ்வோர் அங்குலமும் ரப்பரிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கப்பட்டதே தவிர, காரை உயர்த்துவதற்காகச் சேர்க்கப்பட்டது அல்ல.

பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும் அந்த நொடியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 120 மி.மீ. என்பது டயர் ரிம்மில் அமரும் இடத்திலிருந்து தரையைத் தொடும் பரப்பு வரையுள்ள உயரம். அதற்குள் ரிம்மின் விளிம்பு சுமார் 17 மி.மீ. எழுந்து நிற்கிறது. தரையில் உருளும் ரப்பரும் அதற்கு அடியிலுள்ள எஃகுப் பட்டைகளும் சேர்ந்து சுமார் 12 மி.மீ. தடிமன் இருக்கும். நிற்கும் காரின் எடையிலேயே டயர் 20 மி.மீ.க்கு மேல் அமுங்கியிருக்கும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், கல் மோதும்போது ரிம் அடிபடாமல் டயர் மேற்கொண்டு அமுங்குவதற்கு 15 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ 70 மி.மீ.யும், 17 அங்குலச் சக்கரத்தில் ஏறத்தாழ 40 மி.மீ.யும்தான் மிஞ்சுகின்றன. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகப் பெருகுவதால், 40 கி.மீ. வேகத்தில் தாங்கிக்கொள்ளும் டயருக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டே கால் மடங்கு அடி விழுகிறது. அந்த அடியை முதலில் வாங்கிக்கொள்வது டயர்தான். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் வேலை செய்யத் தொடங்குவதற்குள், கூர்மையான கல் விளிம்பு தன் பங்கைச் செய்து முடித்துவிடும்.

அப்படி அமுங்க இடமில்லாமல் போகும்போது, பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்குகிறது. பக்கச்சுவருக்குள்ளே, டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பாலியஸ்டர் போன்ற இழைகள் ஓடுகின்றன. டயரின் வலுவே அவைதான். நசுங்கும்போது வெளி ரப்பர் கிழியாமலேயே இந்த இழைகள் அறுந்துபோகலாம். அறுந்த இடத்தில் ரப்பரை மட்டும் காற்று வெளியே தள்ள, பக்கவாட்டில் ஓர் உப்பல் தோன்றும். அந்த உப்பலைச் சரிசெய்ய வழி எதுவும் கிடையாது. தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளங்கள், அதாவது பட்டன், எவ்வளவு புதிதாக இருந்தாலும் டயரை மாற்றியே ஆக வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அது வெடித்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ரிம்மிலும் சேதம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருவதில்லை. சக்கரத்தின் ஆரங்கள் (ஸ்போக்குகள்) வெளிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதால் பெரும்பாலும் உட்பக்க விளிம்புதான் முதலில் வளைகிறது. நின்று பார்த்தால் சக்கரம் பளபளவென்று இருக்கும். ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை அந்த ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்துகொண்டே போகும். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றி, உட்பக்க விளிம்பைச் சுற்றிச் சோப்பு நீர் தடவும்போதுதான் வளைந்த இடத்திலிருந்து குமிழ்கள் கிளம்புவது தெரியும். ஸ்டீல் ரிம்மாக இருந்தால் அந்த வளைவைத் தட்டி நேராக்கிவிட முடியும். வார்ப்பு அலாய் வீல் வளைவதற்குப் பதிலாக விரிசல் விடக்கூடும். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் செய்து ஓட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கரடுமுரடான சாலையில் மட்டுமே ஓடப்போகும் காருக்கு ஸ்டீல் ரிம்மை விலை குறைந்த வகையின் அடையாளமாகக் கருதி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்துடன் ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காகச் சில கார்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாக அடைப்புத் திரவமும் சிறிய காற்று பம்பும் தருகிறார்கள். ஆணி குத்திய சிறு துளையைத்தான் அந்தத் திரவம் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனே இல்லை. தாழ்ந்த பக்கச்சுவரும் ஸ்டெப்னி இல்லாமையும் ஒரே காரில் சேர்ந்து வருவது, உதவி கிடைக்கத் தாமதமாகும் ஊர்ப்புறச் சாலைக்கு மிக மோசமான பொருத்தம். உள்ளே ஸ்டெப்னி இருந்தாலும் அது முழு அளவுதானா, அல்லது 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாத மெல்லிய தற்காலிகச் சக்கரமா என்பதை டிக்கியைத் திறந்து பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நல்ல சாலைகள் பரவலாவதற்கு முன்பு கார்களை வடிவமைத்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் டயர்களுக்கு வெளிவிட்டம் 30 அங்குலம், அதாவது 762 மி.மீ.; அகலமோ முன்னால் 3 அங்குலம், பின்னால் மூன்றரை அங்குலம் மட்டுமே. இன்றைய எஸ்யூவிகள் பலவற்றில் வரும் 235/65 ஆர் 17 டயரின் வெளிவிட்டம்கூடச் சுமார் 737 மி.மீ.தான். உழவர்களுக்காகவே உருவாக்கப்பட்டு 1948இல் அறிமுகமான சித்ரோயன் 2சிவி, முட்டைக் கூடையை ஏற்றிக்கொண்டு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக் கூடாது என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்தது, நன்றாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் 125 மி.மீ. அகலமே கொண்ட ஒல்லியான, உயரமான டயர்களும்தான்.

புதிய கார் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் காருக்கு உற்பத்தியாளர் அனுமதித்துள்ள அளவுகளில் மிகச் சிறிய ரிம்மையும், அதற்குரிய மிக உயர்ந்த பக்கச்சுவரையும் தேர்ந்தெடுங்கள். ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டப்பட்டுள்ள அட்டையிலோ கையேட்டிலோ அனுமதிக்கப்பட்ட அளவுகளும் காற்றழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே பெரிய ரிம் உள்ள காரை வாங்கிவிட்டவர்கள் ஓர் அங்குலம் கீழே இறங்க முடியுமா என்பதை அந்தப் பட்டியலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஏனெனில், உயர்ந்த வகைகளில் பிரேக் டிஸ்க் பெரிதாக இருக்கலாம். அப்போது அடிப்படை வகையின் சிறிய ரிம், பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் உரசும், அல்லது மாட்டவே மாட்டாது. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்துள்ள வட்டத்தின் விட்டமும், நடுத்துளையின் அளவும், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பொருந்தும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் குறிக்கும் ஆஃப்செட்டும் ஒத்துப்போக வேண்டும். ஆஃப்செட் தவறினால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு பேரிங்குக்குக் கூடுதல் சுமை தரும். பழகிய கண்ணாலும் பார்த்த மாத்திரத்தில் இவற்றைச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் தீர வேண்டும்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பலர் கவனிப்பதே இல்லை. ‘88 எச்’ என்றால் அந்த டயர் 560 கிலோ எடையையும் மணிக்கு 210 கி.மீ. வேகத்தையும் தாங்கும் என்று பொருள். ஊர்ப்புறச் சாலையில் வேக எழுத்தைவிட எடை எண் முக்கியமானது. மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது சோதிக்கப்படுவது அதுதான். உற்பத்தியாளர் குறிப்பிட்டதைவிடக் குறைந்த எடை எண் கொண்ட டயரை எக்காரணம் கொண்டும் பொருத்தக் கூடாது.

ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு டயரை மட்டும் உயர்த்துவது பலர் நாடும் வழி. 185/65 ஆர் 15க்குப் பதிலாக 185/70 ஆர் 15 போட்டால் வெளிவிட்டம் சுமார் 640 மி.மீ. ஆகிறது. விட்டத்தில் பாதியளவே கார் உயரும் என்பதால் தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியில் (கிரவுண்ட் கிளியரன்ஸ்) கிடைப்பது 9 மி.மீ.தான், உண்மையான ஆதாயம் பக்கச்சுவரில் கூடும் அந்த 9 மி.மீ. மெத்தைதான். இதற்கு ஈடாக வேகமானியின் கணக்கு சுமார் 3 விழுக்காடு மாறி, முன்பு 100 காட்டிய வேகத்துக்கு இப்போது 97 காட்டும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிமுறை. ஆலையிலேயே சற்றுக் கூட்டிக் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும் அந்த இடைவெளியைத்தான் நாம் இங்கே தின்றுவிடுகிறோம். இதைவிடப் பெரிய மாற்றம் செய்தால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதும், முழுச் சுமையோடு சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் டயர் மட்கார்டில் உரசும். காலி வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு ‘இடம் இருக்கிறது’ என்று சொல்வதை நம்பிவிடக் கூடாது. உற்பத்தியாளரின் ஒப்புதல் இல்லாத அளவுக்குப் போவது உத்தரவாதத்தையும் காப்பீட்டையும்கூடச் சிக்கலாக்கலாம்.

அகலம் குறித்து ஒரு சொல். மெல்லிய சேறு படிந்த கெட்டித் தரையில் ஒல்லியான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள பிடிப்பான தரையைத் தொடும். ஆழமான மணலில் புதையாமலிருக்க டயர் தரையில் பதியும் பரப்பு நீண்டும் அகன்றும் இருக்க வேண்டும். ஜல்லிச் சாலைக்கு அகலம் தருவதைவிட உயரம் தருவதே அதிகம். பட்டன் அமைப்பிலும் மிகைக்குப் போக வேண்டியதில்லை. மண் தடமும் கல்லும் பாதிக்கு மேல் வருமானால் பலவகைத் தரைக்குமான ஆல் டெரெய்ன் டயர் பொருத்தமானது. சேற்றுக்கென்றே அமைந்த மட் டெரெய்ன் டயரின் இரைச்சலையும், ஈரத் தார்ச்சாலையில் அதன் பிடிப்புக் குறைவையும் குடும்பக் காரில் சகித்துக்கொள்ளக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எந்த டயரானாலும் காற்றழுத்தம் சரியில்லையென்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்துக்கொண்டு கல் சாலையில் வேகமாகப் போவதுதான் ரிம்மை வளைக்கும் நேர்வழி. குறைந்த அழுத்தம் மணலுக்கு உதவும்; அதுவும் மிக மெதுவாக ஓட்டும்போது மட்டுமே. முழுச் சுமைக்கென அட்டையில் தனியே தரப்பட்டுள்ள அளவை, டயர் ஆறியிருக்கும்போது சரிபார்த்து நிரப்ப வேண்டும்.

தாழ்ந்த பக்கச்சுவருக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வழவழப்பான சாலையில், வளைவில் திருப்பும்போது அது குறைவாக நெளிவதால் ஸ்டீயரிங்குக்கு உடனடியாகக் கட்டுப்படும். பெரிய பிரேக்குகளுக்கும் பெரிய ரிம் இடம் தரும். அத்தகைய சாலையிலேயே ஓட்டுபவர் அதை விரும்பி வாங்குவதில் தவறில்லை. என் வருத்தமெல்லாம், பாதுகாப்பு வசதிகளும் காற்றுப் பைகளும் வேண்டுமென்று உயர்ந்த வகையைக் கேட்கும் ஊர்ப்புறக் குடும்பத்துக்கு, அவர்கள் கேட்காத பெரிய ரிம்மும் சேர்த்துக் கட்டாயமாகத் தரப்படுகிறதே என்பதுதான். பிரேக் இடம் கொடுக்கும் கார்களில், எல்லா வகைகளிலும் சிறிய ரிம்மைத் தெரிவாக வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. வாங்குபவர் ஷோரூமில் கேட்டால்தான் உற்பத்தியாளர்கள் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

அப்படிக் கேட்பதற்கு வாசகருக்குத் தகவல் வேண்டும். எனவே, இனி வெளியிடும் ஒவ்வொரு மதிப்புரையிலும் டயரின் முழு அளவையும், பக்கச்சுவரின் உயரத்தை மில்லிமீட்டரிலும், எடை எண்ணையும், ஸ்டெப்னி முழு அளவுதானா என்பதையும் குறிப்பிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மதிப்புரைக்கென நிறுவனங்கள் தரும் கார் பெரும்பாலும் உச்ச வகையாகவே இருப்பதால், அதே காரின் அடிப்படை வகையில் வரும் டயர் அளவையும் கேட்டு வாங்கி அருகிலேயே அச்சிட்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். வாய்ப்பிருந்தால், சோதனை ஓட்டத்தில் ஒரு பகுதியைத் தார் போடாத சாலையில், முழுச் சுமையுடன் நடத்தி, அந்த அனுபவத்தையும் தங்கள் செய்தியாளர்கள் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்